பக்கத்தில் நிற்பவரின் மூச்சு

பொது இடத்தில் வேப் பிடிப்பவர்கள் காக்க வேண்டிய மரியாதை எது? அவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை எது?

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹை ஸ்ட்ரீட் நார்த். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கும் தமிழ்க் கடைகள் நிறைந்த தெரு. குளிர்காலத்தில் அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அப்படியொரு மாலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னோடு ஐந்தாறு பேர். கல்லூரிப் பையை முதுகில் மாட்டிய ஓர் இளைஞன். தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய். இளைஞனின் கையில் விரல் நீளத்தில் ஒரு வேப். ஒவ்வொரு இழுப்புக்கும் மாம்பழ வாசனையோடு வெள்ளையாக ஒரு திரள் எழுந்து கலைந்தது.

கடையிலிருந்து ஒரு பெரியவர் பையோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவரைக் கண்டதும் இளைஞனின் கை சட்டென்று மூடிக்கொண்டது. வேப் முஷ்டிக்குள் போய், முஷ்டி கோட்டுப் பைக்குள் போனது. வாயிலிருந்த ஆவியைக்கூட முகத்தைத் திருப்பி, உதட்டை இறுக்கி, மெதுவாகத்தான் விட்டான்.

“என்ன தம்பி, பஸ் இன்னும் வரேல்லையோ?”

“இல்ல ஐயா, இப்ப வந்துரும்.”

“படிப்பெல்லாம் எப்பிடிப் போகுது?”

“நல்லாப் போகுது ஐயா.”

பெரியவர் தலையசைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போனார். அவர் மறைந்ததும் கை மறுபடி வெளியே வந்தது. ஒரு நீண்ட இழுப்பு. காற்று எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. வெள்ளைத் திரள் நேராகத் தள்ளுவண்டியின் மேல் போய்க் கவிந்தது. அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை நான்கடி பின்னால் இழுத்து, குளிரில், கூரைக்கு வெளியே போய் நின்றாள்.

அந்தப் பையனை நான் குறை சொல்ல வரவில்லை. மரியாதை தெரியாதவன் அவன் இல்லை. பெரியவருக்காக அரை நொடியில் கையை மூடத் தெரிந்தவன். அந்தக் கை குழந்தைக்காக ஏன் மூடவில்லை என்ற கேள்வியை அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து பிறந்தது.

நாம் கற்ற மரியாதை

அவன் செய்தது அவனாகக் கண்டுபிடித்தது அல்ல. நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்ததுதான். வாத்தியார் எதிரே வந்தால் பீடி முதுகுக்குப் பின்னால் போகும். மாமனார் திண்ணைக்கு வந்தால் சிகரெட் செருப்புக்கடியில் நசுங்கும். பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைக்கப் போனவர், அப்பாவின் சிநேகிதரைப் பார்த்ததும் வெற்றிலை வாங்க வந்தவர் போல நிற்பார். ஐம்பது வயதானவர்கூடத் தன் தாயின் முன்னால் புகைக்க மாட்டார்.

அதில் அழகு உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அந்த மரியாதை ஏணியில் மேல்நோக்கி மட்டுமே ஏறியது. வயதில் மூத்தவர், பதவியில் பெரியவர், ஊரில் செல்வாக்குள்ளவர் ஆகியோருக்கு முன்னால் மட்டும் அணைந்தது நெருப்பு. அதே வீட்டில் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கோ, அடுப்படியில் நின்ற மனைவிக்கோ அது அணையவில்லை. ‘பார்த்துவிடுவாரே’ என்ற கூச்சம் இருந்தது. ‘இதைச் சுவாசிப்பார்களே’ என்ற எண்ணம் அதில் இல்லை.

அதன் விளைவைக் கணக்கிலும் பார்க்கலாம். இந்தியாவில் 2016-17இல் எடுக்கப்பட்ட உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வீட்டுக்குள்ளேயே பிறர் விடும் புகைக்கு ஆளாகிறவர்கள் 38.7 சதவீதம். பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர். பெரியவர்களுக்கு மறைக்கத் தெரிந்த சமூகம், தன் வீட்டில் சிறியவர்களின் மூக்கைக் காக்க மறந்திருந்தது.

இப்போது பீடியின் இடத்துக்கு வேப் வந்திருக்கிறது. நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, உடையில் ஒட்டும் நாற்றம் இல்லை. அதனால் மறைப்பதும் எளிது, மறப்பதும் எளிது. புதிய பொருளோடு அந்தப் பழைய குறையும் சேர்ந்தே பயணம் செய்வதைத்தான் ஈஸ்ட் ஹாமில் பார்த்தேன்.

புகையா, ஆவியா?

மரியாதையைப் பேசுவதற்கு முன் பொருளைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்றைய மின் சிகரெட்டை 2003இல் உருவாக்கியவர் சீன மருந்தாளர் ஹோன் லிக். அவரே புகைப்பழக்கத்தில் சிக்கியிருந்தவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். சிகரெட்டை விட ஒரு மாற்று வழி தேடிய மனிதரின் கையிலிருந்து வந்த கருவி இது.

உள்ளே இருப்பது ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம். புரோபிலின் கிளைகால், கிளிசரின், வாசனைச் சத்து ஆகியவற்றோடு பெரும்பாலும் நிகோடினும் திரவத்தில் சேர்ந்திருக்கும். சுருள் சூடாகும்போது திரவம் நுண்துளிகளாகக் கிளம்புகிறது. எதுவும் எரிவதில்லை. அதனால் சிகரெட் புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் அந்த வடிவில் இல்லை.

பக்கத்தில் நிற்பவருக்கு இன்னொரு வேறுபாடு முக்கியம். சிகரெட்டை ஒருவர் இழுக்காதபோதும் அதன் நுனி எரிந்துகொண்டே இருக்கும். பிறர் சுவாசிப்பதில் பெரும்பங்கு அந்த நுனிப் புகை. வேப்பில் அப்படி நுனி கிடையாது. பிடிப்பவர் வெளியே விடுவது மட்டுமே காற்றில் கலக்கும். அந்த நுண்துளிகள் சிகரெட் புகையைவிட விரைவாகக் கலைந்தும் விடும்.

ஆகவே சிகரெட்டுக்குப் பக்கத்தில் நிற்பதும் வேப்புக்குப் பக்கத்தில் நிற்பதும் ஒன்றல்ல. வேப்பால் பிறருக்கு வரும் தீங்கு மிகக் குறைவு என்பது நியாயமான பேச்சு. ஆனால் ‘குறைவு’ என்ற சொல்லைச் சிலர் ‘இல்லை’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். வெளியே விடும் ஆவியில் நிகோடின் உண்டு, நுண்துளிகள் உண்டு, வாசனைப் பொருள்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு ஊதுபத்திப் புகையே இருமலைக் கிளப்பும்போது இது மட்டும் கிளப்பாது என்று யார் உறுதி தர முடியும்? மூடிய அறையில் நான்கு பேர் சேர்ந்து பிடித்தால் அது ஒருவரின் இழுப்பாக இருக்காது; அறையின் காற்றே அதுவாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீங்கு இருந்தால்தான் மரியாதை தேவை என்பது தவறான கணக்கு. ரயிலில் ஒருவர் கைபேசியில் சத்தமாகப் பாட்டு வைத்தால் யாருடைய நுரையீரலும் கெடாது. ஆனாலும் பெட்டியில் இருப்பவர்களின் அமைதி போய்விடுகிறது. காதைப் பொத்திக்கொண்டாவது இருக்கலாம். மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவது?

சட்டம் நிற்கும் எல்லை

பிரிட்டனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உலகத்தில் வேப்பைப் புகைப்பழக்கத்தை விடுவதற்கான கருவியாக அரசே ஆதரித்த நாடுகளில் முன்னால் நிற்பது அது. 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, வேப் பிடிப்பது புகைப்பதைவிட ஏறத்தாழ 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. 2023இல் 10 லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் தொடக்கப் பெட்டிகளைக் கொடுத்து சிகரெட்டை விட வைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. அங்கே படிக்கவும் வேலைக்கும் போகும் நம் பிள்ளைகள் முதன்முதலில் வேப்பை எதிர்கொள்வதும் அந்தத் தெருக்களில்தான். அதை விற்கும் மூலைக் கடைகளில் பல தமிழர்களுடையவை.

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சிலும், இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 அன்றும் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. ஆனால் அந்தச் சட்டங்கள் பேசியது எரியும் பொருளைப் பற்றி. எரியாத வேப் அவற்றின் வலையில் விழவில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் இருக்கும் காரில் புகைக்கக் கூடாது என்று 2015 அக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வந்தபோதும் இதே கதைதான். சிகரெட்டுக்குத் தடை, வேப்புக்கு இல்லை.

எஞ்சிய இடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விதியால் நிரப்பிக்கொண்டது. லண்டன் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் வேப் கூடாது. ரயில் நிறுவனங்கள் பெட்டிகளில் தடுத்திருக்கின்றன. பப்புகளில் சிலவற்றில் கூடாது, சிலவற்றில் பரவாயில்லை. சில மருத்துவமனை வளாகங்களில் திறந்த வெளியில் அனுமதி, சிலவற்றில் அதுவும் இல்லை. புதிதாகப் போகிறவர் தடுமாறத்தான் செய்வார். வாசலில் பலகை இல்லையென்றால் அனுமதி உண்டு என்று பொருளா? அந்தச் சந்தேகம் வருகிற இடத்தில்தான் மரியாதையின் வேலை தொடங்குகிறது. பலகையைத் தேடுவதற்கு முன் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும்.

டோக்கியோவின் சியோடா வட்டாரத்தில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தெருவில் நடந்துகொண்டே புகைப்பவர்களிடம் ‘தயவுசெய்து நாகரிகம் காத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுக் கேட்டுப் பலன் இல்லாமல், 2002இல் அந்த வட்டாரம் ஒரு விதி போட்டது. குறிக்கப்பட்ட தெருக்களில் புகைத்தால் 2,000 யென் தண்டம். ஜப்பானில் தெருப் புகைப்புக்குத் தண்டம் விதித்த முதல் உள்ளூர் விதி அது. அந்த இயக்கம் எடுத்துக்கொண்ட முழக்கத்தின் சாரம் இதுதான்: நாகரிகத்திலிருந்து விதிக்கு, விதியிலிருந்து மறுபடியும் நாகரிகத்துக்கு. தண்டம் போடுவது அவர்களுடைய குறிக்கோள் அல்ல. தண்டமே தேவைப்படாத ஒரு நாளை நோக்கித்தான் அந்த விதியையே எழுதினார்கள்.

இடம் அறிந்து, ஆள் அறிந்து

அப்படியென்றால் அந்த நாகரிகம் எப்படி இருக்கும்? வேப் பிடிப்பவர்களோடும், அவர்களோடு வாழ்பவர்களோடும் பேசியதிலிருந்து எனக்குத் தெளிவானவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பிறர் வீடு. அங்கே கேட்காமல் எடுக்கவே கூடாது. “இங்கே பிடிக்கலாமா?” என்று கேட்பதைவிட, “பால்கனிக்குப் போய் வருகிறேன்” என்று எழுந்துவிடுவது நல்லது. ஏனென்றால் விருந்தோம்புகிற நம்மவர் வாயில் ‘வேண்டாம்’ வராது. “அதனாலென்ன, பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு, நீங்கள் போன பிறகு ஜன்னலைத் திறப்பார்கள். அலுவலகத்திலும் இதுவே. மேலாளர் தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் அனுமதி கேட்டால் அது அனுமதி ஆகாது. மறுக்க முடியாதவரிடம் கேட்பதைவிட, கேட்காமல் வெளியே போவதே கண்ணியம்.

இரண்டாவது, வரிசையும் வாசலும். டிக்கெட் வரிசையில் நிற்பவர் நகர முடியாது. நகர்ந்தால் இடம் போய்விடும். நீங்கள்தான் விலக வேண்டும். “ஒரு நிமிஷம் இடத்தைப் பார்த்துக்கங்க” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய்வரலாம். கடை வாசல், மருத்துவமனை வாசல், லிஃப்ட் முன்பு என எல்லோரும் கடந்தே ஆக வேண்டிய இடங்களில் வேண்டவே வேண்டாம். மருத்துவமனை வாசலைக் கடக்கிறவர் மூச்சுத் திணறலோடு வருகிறவராகவே இருக்கலாம்.

மூன்றாவது, காற்றின் திசை. திறந்த வெளியில் நிற்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. மற்றவர்களைத் தாண்டிக் காற்று உங்களை நோக்கி வரும் பக்கத்தில் நில்லுங்கள். அப்போது நீங்கள் விடுவது அவர்கள் முகத்துக்குப் போகாது. வயலில் பூச்சிமருந்து தெளிக்கும் எந்த விவசாயிக்கும் தெரிந்த பாடம் இது.

நான்காவது, உணவு. ஒருவர் இட்லியும் சாம்பாரும் சாப்பிடும்போது பக்கத்து மேசையிலிருந்து ஸ்டிராபெரி வாசனை வந்தால் சாப்பாட்டின் மணம் கெட்டுவிடும். வாசனை நன்றாக இருப்பதால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைப்பது பெரிய ஏமாற்று. விருப்பமில்லாமல் மூக்கில் ஏறும் எந்த மணமும் நாற்றம்தான்.

ஐந்தாவது, குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள். இங்கே பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் இருக்கும் அறையிலும் காரிலும் பிடிக்கக் கூடாது. இங்கிலாந்தின் கார்ச் சட்டம் வேப்பை விட்டுவிட்டது என்றேன். சட்டம் விட்டதை நாமும் விட வேண்டியதில்லை. காரின் கண்ணாடியை இறக்கினால் போதும் என்பதும் சரியல்ல. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய் வரலாம். குழந்தைக்கு மூச்சோடு கண்ணும் இருக்கிறது. பெரியவர் செய்வதைப் பார்த்தே அது உலகத்தைக் கற்கிறது. பழ வாசனையோடு வெள்ளை மேகம் விடும் மாமா அதற்கு ஒரு மந்திரவாதி.

வீட்டில் திரவப் புட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. நிகோடின் விஷம். இனிப்பு மணக்கும் அந்தப் புட்டியைத் தவழும் குழந்தை வாயில் வைத்தால் ஆபத்து. பிரிட்டனில் திரவத்தின் நிகோடின் அளவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேலும், புட்டி 10 மில்லிலிட்டருக்கு மேலும் போகக் கூடாது என்று விதி வைத்திருப்பதற்கும், குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்பதற்கும் காரணம் அதுதான். மருந்து வைக்கும் உயரத்தில், பூட்டி வையுங்கள்.

ஆறாவது, மேகம் விடும் வித்தை. பெரிய கருவியில் அறையையே மூடுகிற அளவு ஆவி விடுவதைச் சிலர் விளையாட்டாகச் செய்கிறார்கள். அதை ஒத்த நண்பர்களோடு, தனி இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் நடக்கும் தெருவில் அந்த மேகத்துக்குள் நுழைந்துதான் மற்றவர்கள் வெளியே வர வேண்டும்.

ஏழாவது, அடுத்தவர் கையில் திணிப்பது. “ஒரு இழுப்பு இழுத்துப் பாரு மச்சான்” என்பது நட்பாகத் தோன்றும். சிகரெட்டைப் படாத பாடு பட்டு விட்ட ஒருவருக்கு அந்த ஓர் இழுப்பு பழைய குழியின் விளிம்பு. புகைக்கவே தொடங்காதவருக்கோ அது புதிய குழி. புகைப்பவருக்கு வேப் நல்ல மாற்று, புகைக்காதவர் வேப்பைத் தொடவே வேண்டாம் என்பதுதான் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி திரும்பத் திரும்பச் சொன்னதும்.

வானத்தில் ஒரு பாடம்

விமானத்தில் எங்கேயும் வேப் பிடிக்கக் கூடாது. கழிப்பறையில் மறைந்து பிடித்தாலும் குற்றம். கருவியைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது என்று 2015இல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விதி கொண்டுவந்தது. லித்தியம் பேட்டரி தானாகச் சூடேறிப் பற்றினால் சரக்கறையில் அணைக்க ஆள் இல்லை என்பதே காரணம்.

2018 ஜூலை 10 அன்று ஹாங்காங்கிலிருந்து சீனாவின் தாலியான் நகருக்கு ஏர் சைனா விமானம் பறந்துகொண்டிருந்தது. உள்ளே 153 பயணிகள். விமானி அறையில் துணை விமானி வேப் பிடித்தார். வாசனை பயணிகள் பக்கம் போய்விடக் கூடாதே என்று காற்றைச் சுழலவிடும் விசிறியை அணைக்க நினைத்தவர், தவறுதலாகப் பக்கத்திலிருந்த குளிர்சாதனத்தின் விசையை அணைத்துவிட்டார். பயணிகள் அறையில் காற்றழுத்தம் குறைந்தது. பிராணவாயு முகமூடிகள் தலைக்கு மேல் தொங்கின. விமானம் 10,000 அடிக்கு வேகமாக இறங்கியது. நல்ல வேளையாக யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. துணை விமானியின் உரிமம் பறிபோனது.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தில் தைப்பது அவருடைய எண்ணம்தான். பிறருக்குத் தெரியக் கூடாது என்ற கவனம் அவரிடம் நிறைய இருந்தது. அந்தக் கவனமே 153 பேரின் மூச்சுக்கு ஆபத்தாக முடிந்தது. மறைப்பதும் மதிப்பதும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

தூக்கிப் போடுவதும் பொது இடத்தில்தான்

ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கியெறியும் வேப் வந்த பிறகு, மரியாதைக் கேடு காற்றோடு நிற்கவில்லை. பிரிட்டனில் வாரத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் இத்தகைய வேப்கள் வீசப்படுவதாக 2023இல் ஒரு மறுசுழற்சி அமைப்பு கணக்கிட்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் லித்தியம் பேட்டரி. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பற்றும். அந்த லாரியில் நிற்பவரும் குப்பையைப் பிரிக்கும் இடத்தில் கை வைப்பவரும் யாருடைய கணக்கிலும் வராத மனிதர்கள். 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் முழுவதும் அவற்றை விற்கத் தடை வந்தது. மீண்டும் நிரப்பி, சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்துபவை மட்டுமே விற்கலாம். தீர்ந்தவற்றைச் சாதாரணக் குப்பையில் போடாமல், விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். முகம் தெரியாத துப்புரவுத் தொழிலாளிக்கு நாம் காட்டும் மரியாதை அது.

மறுபக்கத்து மரியாதை

இதுவரை வேப் பிடிப்பவரிடமே பேசினேன். பக்கத்தில் நிற்கும் நமக்கும் கடமை உண்டு.

கையில் வேப் வைத்திருக்கும் எல்லோரும் ஒய்யாரத்துக்காகப் பிடிப்பவர்கள் அல்லர். இருபது, முப்பது ஆண்டுகள் சிகரெட்டின் பிடியில் கிடந்து, இதைப் பற்றிக்கொண்டு கரையேறிக்கொண்டிருப்பவர்கள் பலர். அவரைப் பார்த்து முகம் சுளிப்பதும், “இதுக்கு அதுவே பரவாயில்லை” என்று உதிர்ப்பதும் அவரைப் பழைய இடத்துக்கே தள்ளும். 2016இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு வேலையிடங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. வேப் பிடிப்பவர்களைப் புகைப்பவர்களின் மூலையிலேயே போய் நிற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதில் ஒரு கருத்து. சிகரெட்டை விட்டு ஓடிவந்தவரை மறுபடி சிகரெட் புகைக்கு நடுவிலேயே நிறுத்துவது எந்த நியாயம்? அதே வழிகாட்டுதல், ஆஸ்துமா போன்ற கோளாறு உள்ளவர்களுக்கு ஆவி தொந்தரவாகலாம் என்பதையும் மறக்கவில்லை. இரண்டு பேரின் மூச்சையும் ஒரே தாளில் யோசித்த குறிப்பு அது.

நம்மவர்களிடம் இன்னொரு தயக்கம். பிடிக்காததை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கைக்குட்டையால் மூக்கை மூடுவோம், இருமிக் காட்டுவோம், பஸ்ஸில் என்றால் கண்டக்டரைத் தேடுவோம். அல்லது அடக்கி அடக்கி வைத்து ஒரு நாள் வெடிப்போம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. “தம்பி, குழந்தை இருக்கு, கொஞ்சம் தள்ளி நின்னு பிடிக்கிறீங்களா?” அவ்வளவுதான். ஒழுக்கப் பாடம் வேண்டாம், உடம்பு கெட்டுவிடும் என்ற மிரட்டல் வேண்டாம். காரணத்தைச் சொல்லி, செய்ய வேண்டியதைச் சொன்னால் பெரும்பாலானோர் உடனே நகர்ந்துவிடுகிறார்கள். கேட்கப்பட்டவரும் “பொது இடம்தானே” என்று வாதாடாமல், “மன்னிச்சுக்கங்க, கவனிக்கலை” என்று நகர்ந்தால் அவருடைய மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

நம் ஊரில்

இந்தியாவில் நிலைமை வேறு. தமிழ்நாடு 2018இலேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அந்த டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, கொண்டுசெல்லல், இருப்பு வைத்தல், விளம்பரம் எல்லாமே குற்றம். இருப்பு வைத்தல் தவிர்த்த மற்றவற்றில் முதல் தடவை பிடிபட்டால் 1 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும். லண்டனிலிருந்து திரும்பும் பிள்ளை பெட்டியில் வேப்பைக் கொண்டுவரக் கூடாது என்பதைப் பெற்றோர் சொல்லிவிடுவது நல்லது. சிங்கப்பூர் வழியாக வருபவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே 2018 பிப்ரவரி முதலே வேப்பைக் கையில் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம்.

தடை இருந்தும் கல்லூரி விடுதிகளிலும் விருந்துகளிலும் வேப் தலைகாட்டுவதை நாம் அறிவோம். பீடியும் சிகரெட்டும் எங்கும் போகவில்லை. பொது இடத்தில் புகைப்பது சுற்றியிருப்பவரின் வாழ்வுரிமையை மீறுவது என்று 1999இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கச் சொன்னது. 2003இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, விரிவான விதிகள் அமலுக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இவ்வளவு தூரம் சட்டம் நடந்து வந்திருக்கிறது. ஆனாலும் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை உட்கார்ந்து பன் தின்னும்போது ஒருவர் தாராளமாகப் புகை விடுகிறார். அவரிடம் போய் 200 ரூபாய் கேட்க யாரும் வரப்போவதில்லை. அந்தப் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது அவருடைய மனம் மட்டும்தான்.

அந்த மனத்துக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பெரியவரைக் கண்டதும் கையை மூடும் பழக்கம் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. பயத்திலும் கூச்சத்திலும் மூடிய கையைப் பரிவினால் மூடப் பழக வேண்டும், அவ்வளவே. மேலே பார்த்து மூடிய கையை, கீழே பார்த்தும் மூட வேண்டும்: தள்ளுவண்டியைப் பார்த்து, பள்ளிப் பையைப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு படியேறும் பாட்டியைப் பார்த்து, வேண்டாமென்று சொல்லத் துணியாத உதவியாளரைப் பார்த்து.

அன்று ஈஸ்ட் ஹாமில் பஸ் வந்தது. இளைஞன் வேப்பைப் பைக்குள் போட்டான். அந்தத் தாய் தள்ளுவண்டியை ஏற்றத் தடுமாறியதைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே முன்னால் போய் வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அவள் நன்றி சொன்னாள். குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்தான். அதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்தக் குழந்தை அங்கே இருந்ததை அவன் பார்த்திருக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.